கீறல் விழுந்த பிரிண்ட்டும் நாங்கள் எடுத்த பொய் டிரைலரும்

இல்லாத ஒரு படத்துக்கு டிரைலர் எடுக்கலாம் என்று நண்பர்கள் சிலர் சேர்ந்து இறங்கினோம். மூன்று நிமிடம். 1970களில் வந்த அமெரிக்க மலிவுப் படம் ஒன்று, யாரோ அதைத் தமிழில் டப்பிங் செய்திருக்கிறார்கள், அந்தச் சுருள் எங்கோ பெட்டியில் கிடந்து இப்போதுதான் கிடைத்திருக்கிறது. பார்க்கிறவர் ஒரு கணமாவது அப்படி நம்ப வேண்டும். எடிட்டிங்கும் ஒலியும் என் பொறுப்பு.

எங்களுக்கு முன்னால் இருந்த உதாரணம் 2007இல் வந்த 'கிரைண்ட்ஹவுஸ்'. ராபர்ட் ரோட்ரிகஸும் குவென்டின் டரன்டினோவும் ஆளுக்கொரு படம் எடுத்து, இடையில் பொய் டிரைலர்களைச் செருகி, ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் என்ற பழைய முறையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்கள். வசூலில் படம் படுத்துவிட்டது. அமெரிக்காவுக்கு வெளியே பல இடங்களில் இரண்டாகப் பிரித்துத்தான் வெளியிட்டார்கள். ஆனால் அந்தப் பொய் டிரைலர்கள் சாகவில்லை. 'மஷேட்டி' 2010இல் முழுப்படம் ஆனது. டிரைலர் போட்டிக்குச் சிலர் கைக்காசில் எடுத்து அனுப்பிய 'ஹோபோ வித் எ ஷாட்கன்' 2011இல் ரட்கர் ஹாவர் நடித்த படமாக வந்தது. ஈலை ராத்தின் 'தேங்க்ஸ்கிவிங்' 2023 வரை காத்திருந்தது. எங்களுக்கு அப்படியெல்லாம் கனவு கிடையாது. செய்து பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

பெரிய ஸ்டுடியோக்கள் காட்டாததைக் காட்டிக் காசு பார்த்த இந்த மலிவுப் படங்களுக்கு எக்ஸ்ப்ளாய்டேஷன் சினிமா என்று பெயர். அது எப்படிப் பிழைத்தது என்று தெரியாமல் அதன் தோற்றத்தை மட்டும் பிடிக்கப் பார்த்தால் ஒட்டாது. 1934 முதல் 1968 வரை ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் ஹேஸ் கோடு என்ற தணிக்கை விதிகளுக்குள் இருந்தன. போதை, உடலுறவு, ரத்தம் எதையும் இஷ்டத்துக்குக் காட்ட முடியாது. பெரியவர்கள் தொடப் பயந்த இடத்தில்தான் சின்னத் தயாரிப்பாளர்கள் கடை விரித்தார்கள். அவர்களிடம் ஸ்டாரும் கிடையாது, பணமும் கிடையாது. 1945இல் குரோகர் பாப் 'மாம் அண்ட் டாட்' என்ற படத்தைப் பாலியல் கல்வி என்று சொல்லி, பிரசவக் காட்சியைச் சேர்த்து, ஆண்களுக்கு ஒரு காட்சி பெண்களுக்கு ஒரு காட்சி என்று ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டினார். 1963இல் ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் 'பிளட் ஃபீஸ்ட்' எடுத்தார். அதில் விற்பனைக்கு இருந்த ஒரே சரக்கு ரத்தம். 1968இல் கோடு போய் ரேட்டிங் முறை வந்ததும் மடை திறந்துகொண்டது. நியூயார்க்கின் 42ஆவது தெருத் தியேட்டர்களும் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும், நாடெங்கும் இருந்த டிரைவ்-இன்களும் அந்தச் சரக்குக்குச் சந்தை.

இப்படிப்பட்ட மலிவுப் படங்களை எடுத்த அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்தில் பல படங்களுக்குத் தலைப்பும் போஸ்டரும்தான் முதலில் பிறக்கும். இது விற்கும் என்று தெரிந்த பிறகுதான் கதை எழுத உட்காருவார்கள். நாங்களும் அந்த வரிசையிலேயே போனோம். கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். ஒரு நண்பரின் உறவினரிடம் பழைய வேன் இருந்தது, கேட்டால் தருவார். மூடிக் கிடந்த ஒரு கிடங்குக்கும் அனுமதி கிடைத்தது. போஸ்டர் வரைபவர் வேனின் மேல் கையில் ஸ்பானருடன் ஒரு பெண் நிற்பதாக வரைந்தார். தலைப்பு 'வேன்காரி'. அந்தப் போஸ்டர் என்னென்ன வாக்குக் கொடுக்கிறதோ அதற்கெல்லாம் ஒவ்வொரு ஷாட் எழுதினோம். திரைக்கதை என்று தனியாக ஒன்றும் இல்லை. இப்படிப் பண்ணிப் பாருங்கள், வெட்டிப் பேச்சு பாதியாகக் குறைந்துவிடும். போஸ்டரில் இல்லாத எதற்கும் ஷூட்டிங்கில் நேரம் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

இனி என் வேலைக்கு வருகிறேன். பழைய படம் என்றதும் எல்லோர் கையும் போவது கீறலுக்குத்தான். கணினியில் கீறல், தூசி, அழுக்கு எல்லாம் ஒரே பொத்தானில் கிடைக்கிறது. ரெடிமேடாகக் கிடைக்கிற கீறல் வீடியோவைப் படத்தின் மேல் போர்த்துவதும் சுலபம். பத்து நொடிக்கு ஒருமுறை அதே கீறல் அதே இடத்தில் திரும்பி வரும், கண்ணுள்ளவர் கண்டுபிடித்துவிடுவார். அதைவிட முக்கியம், படத்தை எடுத்தவர் யாரும் கீறலைப் போடவில்லை. ஒரே பிரிண்ட் தியேட்டர் தியேட்டராக மாதக்கணக்கில் ஓடி, ஆபரேட்டர்களின் கைபட்டு, வெட்டி ஒட்டப்பட்டு வாங்கிய காயங்கள் அவை. ஆகவே ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்பது தானாக வந்துவிடும்.

தூசியை எடுத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவில் ஒட்டிய தூசி பிரிண்ட்டில் வெள்ளைப் புள்ளியாக விழும். பிரிண்ட்டின் மேலேயே ஒட்டிய தூசி திரையில் கறுப்பாகத் தெரியும். இந்தப் பழைய தோற்றத்தைப் போலி செய்யும் பல படங்களில் வெள்ளை மட்டுமே பறக்கும். ஓடி ஓடித் தேய்ந்த பிரிண்ட் என்றால் கறுப்புத்தான் அதிகம் இருக்க வேண்டும். கீறலிலும் வகை உண்டு. ஃபிலிமின் பின்பக்கத்தில் விழுந்த கீறல் கறுப்புக் கோடாகத் தெரியும். வண்ணப் படலம் இருக்கும் பக்கத்தில் விழுந்தால் நிறம் வரும். கலர் பிரிண்ட்டில் மேலே இருப்பது மஜந்தா (ஊதாச்சிவப்பு) அடுக்கு, அதற்கடுத்து சயான் (நீலப்பச்சை), அடியில் மஞ்சள். லேசாகக் கீறினால் மஜந்தா மட்டும் போய்ப் பச்சைக் கோடு, இன்னும் ஆழமாகப் போனால் மஞ்சள், எல்லாம் போனால் வெள்ளை. நான் முக்கால்வாசிக் கீறல்களைப் பச்சையாக வைத்தேன். பார்த்தவர்களில் பழைய ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். எந்த லேபில் பிரிண்ட் போட்டீர்கள் என்று கேட்டார். எனக்கு அது போதும்.

செங்குத்துக் கோடு ஒரு பிரேமில் வந்து மறையாது. புரொஜெக்டரில் விளக்குக்கு முன்னால் ஃபிலிம் ஓடும் சட்டமான கேட்டில் ஒரு மண் துகள் மாட்டியிருந்தால் அது விழும்வரை கோடு தொடரும், லேசாக இடமும் வலமும் ஆடும். கேட்டில் முடி மாட்டினால் படத்தின் விளிம்பில் ஆடிக்கொண்டே நிற்கும். சேதம் எப்போதும் சுருளின் தலையிலும் வாலிலும்தான் அதிகம், ஏனென்றால் கை படுவது அங்கேதான். எனவே எங்கள் டிரைலரின் முதல் சில நொடிகளும் கடைசிச் சில நொடிகளும் படுமோசம், நடுவில் கிட்டத்தட்ட சுத்தம். இது பார்வையாளருக்கும் நல்லது. மூன்று நிமிடமும் கீறல் மழை பெய்தால் யார் முகமும் மனதில் நிற்காது.

ரீல் மாற்றும் நேரத்தைக் காட்ட வலது மேல் மூலையில் வரும் வட்டப் புள்ளிகளையும் போடச் சொன்னார் ஒளிப்பதிவாளர். அழகாகத்தான் இருக்கும். ஆனால் 2,000 அடி ரீல் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். மூன்று நிமிட டிரைலருக்குள் ரீல் எங்கே மாறும்? முடியாது என்றேன். இதற்காக ஒரு மாலை முழுக்க வாக்குவாதம். இப்படிப்பட்ட சண்டைகளை ரசிக்காதவர் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

ஒலியில் ஒரு விஷயம் இருக்கிறது, இதைச் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 35 எம்எம் புரொஜெக்டரில் ஒலியைப் படிக்கும் பகுதி, படம் விழும் கேட்டுக்குக் கீழே இருக்கும். சுமார் இருபது பிரேம் தள்ளி. ஃபிலிம் அறுந்து, கிழிந்த பிரேம்களை ஆபரேட்டர் வெட்டியெறிந்து ஒட்டியிருந்தால், அந்த ஒட்டு முதலில் கேட்டைக் கடக்கும், பிறகுதான் ஒலிப்பகுதிக்கு வரும். அதாவது படம் முதலில் குதிக்கும், முக்கால் நொடிக்கு மேல் கழித்துத்தான் 'டப்' என்ற சத்தமும் வசனத்தின் குதிப்பும் வரும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் கணினி வேலை என்று காது சொல்லிவிடும். தள்ளி வைத்துப் பாருங்கள். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் நம்பிவிடுவார். மற்றபடி மோனோ, அடித்தொனியையும் உச்சத்தொனியையும் நன்றாக வெட்டுவது, கொஞ்சம் இரைச்சல். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே.

நிறத்துக்கும் அதே நியாயம்தான். அந்தக் காலத்து ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட்டுகளில் சயான் சாயம் முதலில் வெளுக்கும், படம் ரோஸ் நிறத்துக்குச் சாயும். ஆனால் ரோஸ் பூசினால் மட்டும் போதாது. 1970களின் கலர் நெகட்டிவ் வெளிச்சத்தை வாங்கும் வேகம் 100 ஏஎஸ்ஏதான். இன்றைய கேமராக்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுக்கின்றன. அந்தக் காலத்து ஆட்களுக்கோ முகத்தில் கடுமையான வெளிச்சம் அடித்தே ஆக வேண்டும், பின்சுவரில் கறுகறுவென்று நிழல் விழும். நாங்கள் மென்மையான விளக்குகளை வண்டியிலேயே விட்டுவிட்டு, ஒரே ஒரு கடும் விளக்கால் கிடங்குக் காட்சிகளை எடுத்தோம். லென்ஸ் மாற்ற நேரம் இல்லாதவர்கள் ஜூமை இழுத்தார்கள், நாங்களும் இழுத்தோம். இவை எடுக்கும்போதே இல்லையென்றால் பின்னால் எந்த மென்பொருளும் தராது.

வேன் துரத்தலில் ஒரு கணக்கு இருந்தது. 'கிரைண்ட்ஹவுஸ்' இரண்டு படங்களில் டரன்டினோ எடுத்த 'டெத் புரூஃப்' படத்தில் ஸ்டன்ட் நடிகை ஜோயி பெல் ஓடும் சேலஞ்சர் காரின் பானெட்டில் கிடப்பது நிஜமாகவே எடுத்தது, பார்க்கும்போது நமக்கே கை வியர்க்கும். அது பயிற்சி பெற்றவர்கள் செய்தது. நாங்கள் ஆளில்லாத தனியார் இடத்தில், சைக்கிள் வேகத்தில்தான் வேனை ஓட்டினோம். கேமராவை நொடிக்கு 24க்குப் பதில் 18 பிரேமில் வைத்தோம். திரும்ப 24இல் ஓட்டினால் வேன் பறக்கிறது. 1979இன் 'மேட் மேக்ஸ்' கூட இந்த உத்தியைப் பயன்படுத்தியதுதான். அந்தக் காலத்து ஆட்கள் எடுத்த உயிர் ஆபத்துகளுக்கு மரியாதை செய்ய அதே ஆபத்தை எடுக்க வேண்டியதில்லை.

நடிப்பு விஷயத்தில்தான் குழு இரண்டாகப் பிரிந்தது. சிலர் வேண்டுமென்றே மட்டமாக நடிக்கலாம், சிரிப்பு வரும் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் படங்களில் நடித்தவர்கள் மட்டமாக நடிக்க முயலவில்லை. கிடைத்த ஒரே டேக்கில் உயிரைக் கொடுத்தார்கள். 2009இல் வந்த 'பிளாக் டைனமைட்' முழுக்க முழுக்க நகைச்சுவைதான். மைக் பிரேமுக்குள் தொங்குகிறது, சண்டையின் நடுவில் அடிபட்ட நடிகருக்குப் பதில் வேறொருவர் வந்து நிற்கிறார். ஆனால் மைக்கல் ஜெய் வைட் ஒரு இடத்தில்கூடக் கண்ணடிப்பதில்லை. உலகிலேயே முக்கியமான படத்தில் நடிப்பதாக அந்தப் பாத்திரம் நினைக்கிறது, சிரிப்பு அதிலிருந்துதான் வருகிறது. சூப்பர் 16 என்ற சிறிய அளவு ஃபிலிமில் எடுத்ததால் அதற்குப் பெரிதாகக் கீறல் ஒப்பனையும் தேவைப்படவில்லை. கடைசியில் இரண்டு விதமாகவும் எடுத்தோம். எடிட்டிங் மேசையில் பார்த்தபோது கேலி நடிப்பு முதல் ஷாட்டுக்குச் சிரிக்க வைத்தது, மூன்றாவது ஷாட்டில் சலித்தது. சீரியஸ் டேக்குகளே நின்றன. டப்பிங்கிலும் குரல் கொடுத்தவரிடம் சொன்னது ஒன்றுதான்: நீங்கள் கிண்டல் செய்யவில்லை, கூலிக்கு வேலை செய்கிறீர்கள், சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த அவசரம் உதட்டோடு ஒட்டாத வசனத்தில் அருமையாக வந்தது.

ஒட்டு வெட்டு என்பது வெறும் அலங்காரமில்லை, எடிட்டருக்கு அது ஓர் ஆயுதம். ரோட்ரிகஸின் 'பிளானட் டெரர்' படத்தில் காதல் காட்சி சூடுபிடிக்கும்போது ரீல் காணவில்லை என்று அட்டை வரும். திரும்பிப் பார்த்தால் கட்டடம் எரிந்துகொண்டிருக்கும். எழுத வேண்டிய பல பக்கங்களைத் தாண்டிவிட்டார். எங்களிடம் வில்லன் மாடியிலிருந்து விழும் ஷாட் சரியாக வரவில்லை. அவர் குதிக்கத் தயாராகும் இடத்தில் ஃபிலிம் அறுந்ததாகக் காட்டினோம், அடுத்த பிரேமில் தரையில் கிடக்கிறார். கைதட்டல் விழுந்தது அங்கேதான்.

படத்தின் தோற்றத்தைக் கடன் வாங்குவதைவிட, அவர்களுடைய நெருக்கடியைக் கடன் வாங்குவதுதான் பலன் தரும் என்பது என் அபிப்பிராயம். மலிவுப் படங்களின் தயாரிப்பாளரும் இயக்குநருமான ரோஜர் கார்மன் ஒரு படத்தின் செட் கலைக்கப்படுவதற்குள் அதே செட்டில் இன்னொரு படத்துக்குக் காட்சி எடுத்துவிடுவார். 'தி ரேவன்' செட்டில் 'தி டெரர்' (1963) அப்படித்தான் பிறந்தது. நடிகர் போரிஸ் கார்லாஃப் எனக்கு இன்னும் இரண்டு நாள் கால்ஷீட் பாக்கி வைத்திருக்கிறார், 'தி டெரர்' படத்தின் காட்சிகளையும் சேர்த்துக்கொள், ஒரு படம் எடு என்று இயக்குநர் பீட்டர் போக்டனோவிச்சிடம் கார்மன் சொன்னார். அதுதான் 'டார்கெட்ஸ்' (1968), பாக்கிக் கால்ஷீட்டில் எடுத்த படம் என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு நல்ல படம். இப்போது டை வெஸ்ட்டின் 'எக்ஸ்' (2022) பாருங்கள். 1979இல் டெக்சஸ் பண்ணைவீட்டில் நடக்கிற கதை, எடுத்தது நியூசிலாந்தில். அந்த வேலை முடிந்த கையோடு அதே பண்ணையில் முன்கதையான 'பேர்ல்' படத்தையும் எடுத்துவிட்டார்கள். ஒரே ஆண்டில் இரண்டும் வெளிவந்தன. 'எக்ஸ்' படத்தில் உள்ள பழைய பட ஜாடைகளை எல்லோரும் பட்டியல் போடுகிறார்கள். எனக்கோ அந்த இரண்டாவது படம்தான் உண்மையான டிரிபியூட் என்று படுகிறது. கார்மன் பார்த்திருந்தால் செட்டைக் கலைக்காததற்காகவே பாராட்டியிருப்பார்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. பொய் அழுக்கு இரண்டு மூன்று நிமிடம் இனிக்கும், ஒன்றரை மணி நேரம் தாங்காது. 2007இன் 'தேங்க்ஸ்கிவிங்' டிரைலரில் அழுக்கும் கீறலும் உண்டு. 2023 முழுப்படம் அதையெல்லாம் உதறிவிட்டுச் சுத்தமான நவீன ஸ்லாஷராக, அதாவது தொடர்கொலைத் திகில் படமாக வந்தது. 'டெத் புரூஃப்' கூட இரண்டாம் பாதியில் கீறல்களைக் குறைத்துக்கொள்கிறது. முழுப்படம் எடுக்க நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்தச் சினிமாவில் எனக்குக் கசப்பான பகுதியும் உண்டு. அதன் பெருவிற்பனைச் சரக்குகளில் ஒன்று பெண் உடல்மீதான வன்முறை. பலாத்காரம், அப்புறம் பழிவாங்கல் என்ற சூத்திரத்தில் வரிசையாகப் படங்கள் வந்தன. எங்கள் போஸ்டர்காரர், அந்தக் காலத்து டிரைலர் என்றால் நாயகிக்கு அப்படி ஒரு காட்சி இருந்தாக வேண்டும் என்றார். வரலாற்றுப்படி அவர் சொன்னது தப்பில்லை. நாயகியாக நடித்தவர் அமைதியாகக் கேட்டார்: "ஏன், என் வேனைத் தூக்கிட்டுப் போனது போதாதா கோபம் வர?" அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. டிரைலரின் முதல் வசனமாகவும் அதுவே போனது.

இதைச் சரியாகச் செய்தவர்களைப் பார்த்துக் கற்கலாம். பாம் கிரியர் 'காஃபி' (1973), 'ஃபாக்ஸி பிரவுன்' (1974) படங்களில் துப்பாக்கி தூக்கியவர். பிளாக்ஸ்ப்ளாய்டேஷன் என்று சொல்லப்பட்ட அந்த வகைப் படங்கள் கறுப்பின நடிகர்களுக்கு நாயக வேடம் கொடுத்தன, கறுப்பின உரிமை அமைப்புகளின் எதிர்ப்பையும் வாங்கிக்கட்டிக்கொண்டன. 1997இல் டரன்டினோ 'ஜாக்கி பிரவுன்' எடுத்தபோது நாவலில் வெள்ளையராக இருந்த நாயகியைக் கறுப்பினப் பெண்ணாக்கி, கிரியரையே நடிக்க வைத்தார். 'காஃபி' படத்தின் இசையும் அதில் ஒலிக்கிறது. ஆனால் கீறல் ஒன்றுகூட இல்லை, யாரும் அவசரப்படுவதும் இல்லை. நடுவயதுப் பெண்ணின் களைப்பைக் கேமரா பொறுமையாகப் பார்க்கிறது. ஆனா பில்லரின் 'தி லவ் விட்ச்' (2016) இன்னொரு வழி. 35 எம்எம் ஃபிலிமில் எடுத்து, உடை, செட், இசை, எடிட்டிங் என்று முக்கால்வாசி வேலையைத் தானே செய்து, அந்தப் பளபளப்பைப் பெண்ணின் பார்வைக்குத் திருப்பிவிட்டார். பிரானோ பெய்லி-பாண்டின் 'சென்சார்' (2021), பிரிட்டனில் வீடியோ படங்களுக்கு எதிராகக் கூச்சல் கிளம்பிய 1980களுக்குப் போய், அந்தப் படங்களை வெட்டும் வேலையில் இருக்கும் ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறது. மூன்றையும் பார்த்துவிட்டு மூலப்படங்களுக்குப் போங்கள். மூலத்தில் பல காட்சிகள் இன்று தாங்க முடியாதவை. எதில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது கோழைத்தனமில்லை.

கடைசியாக ஒரு தொழில்நுட்ப விஷயம், இதில் பலர் மாட்டுகிறார்கள். வீடியோ தளங்களின் சுருக்கமுறைக்கு, படத்தில் மணல்போலத் துடிக்கும் ஃபிலிம் கிரெயினும் தூசியும் ஆகாது. ஒவ்வொரு பிரேமிலும் எல்லாப் புள்ளிகளும் மாறுவதால் கொடுத்த டேட்டா போதாமல் படம் கட்டம் கட்டமாகக் குழையும். நாங்கள் மூன்று வேலை செய்தோம். கிரெயினைக் கொஞ்சம் பெரிதாகவும் மெதுவாகவும் ஆக்கினோம். கறுப்பான பகுதிகளில் அதைக் குறைத்தோம். எடுத்தது ஹெச்டியாக இருந்தாலும் 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றினோம், தளம் அதற்கு அதிக பிட்ரேட், அதாவது நொடிக்கு அதிக டேட்டா ஒதுக்கும். செல்போனில் பார்த்தாலும் பச்சைக் கீறல் பச்சையாகவே தெரிகிறது.